யார் சொன்னது? எப்படித் தெரியும்? – நம்பகமான செய்தியைத் தேட மாணவர்களைப் பழக்குதல்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய இடங்களில் தட்டம்மை – ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்டோர் வரை அனைவருக்கும் ஊசி போடுவது திட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே முகாம் நடந்தது. முகாம் தொடங்கியபோதே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் குறுஞ்செய்திகளும் பரவத் தொடங்கின. இது சோதிக்கப்படாத புதிய ஊசி, பிள்ளைகளுக்குக் கேடு வரும், போட விடாதீர்கள் என்பதே அவற்றின் சாரம். பெற்றோர் பலர் தயங்கினார்கள். சிலர் முகாம் நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று.

உண்மை என்ன? அந்த ஊசி புதியது அன்று. தட்டம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கு எதிரான மருந்து, எம்.எம்.ஆர். என்ற கூட்டு ஊசியின் பகுதியாகத் தனியார் மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாகப் போடப்பட்டு வந்ததுதான். தட்டம்மை குழந்தைகளின் உயிரைப் பறிக்கக்கூடிய நோய். கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் பிறக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இவ்வளவும் அப்போதே கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடிய செய்திகள். ஆனால் யாரிடம் கேட்பது, எதைப் பார்ப்பது என்ற பழக்கம் பல வீடுகளில் இல்லை. பள்ளி வாசலில் நின்று பெற்றோருக்குப் பதில் சொல்லும் பொறுப்பு ஆசிரியர்கள் மேல் விழுந்தது.

செய்தியைச் சரிபார்ப்பது பத்திரிகையாளர்களின் வேலை மட்டும் அன்று, அது பள்ளியில் கற்பிக்க வேண்டிய ஓர் அடிப்படைத் திறன் என்பதற்கு இந்த ஒரு நிகழ்வே போதும். அதைத் தொடக்க வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை எப்படிக் கற்பிக்கலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

இரண்டு பக்கமும் பள்ளம்

செய்திகள் மீதான நம்பிக்கை உலகெங்கும் குறைவாகவே உள்ளது. ராய்ட்டர்ஸ் நிறுவனம் என்னும் ஆய்வு அமைப்பு 2024இல் 47 நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும் இணையவழியில் நடத்திய கணக்கெடுப்பில், பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலான நேரங்களில் நம்புகிறோம் என்று சொன்னவர்கள் 40 விழுக்காட்டினர் மட்டுமே.

இந்த அவநம்பிக்கைக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. தேர்தல் காலத்தில் பணம் பெற்றுக்கொண்டு விளம்பரத்தைச் செய்தி போல வெளியிடும் வழக்கம் பற்றி இந்தியப் பத்திரிகை மன்றமே விசாரித்து 2010இல் அறிக்கை தந்தது. விளம்பர வருவாயை நம்பி இருத்தல், உரிமையாளர்களின் பிற தொழில் நலன்கள், முதலில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம் ஆகியவையும் செய்தியின் தரத்தைக் குறைக்கின்றன. மாணவர்களிடம் இவற்றை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். ‘ஊடகங்கள் எல்லாமே பொய்’ என்று ஒரு மாணவர் முடிவு செய்துவிட்டால், அவர் விழிப்படைந்துவிட்டார் என்று பொருள் இல்லை. நாளிதழை நம்பாதவர் செய்தியே கேட்காமல் இருப்பதில்லை. பெயர் தெரியாத ஒருவரின் குரல் பதிவைக் கேட்கிறார். பிழை செய்தால் பதில் சொல்ல வேண்டிய ஒருவரை விட்டுவிட்டு, பதில் சொல்லவே வேண்டாத ஒருவரிடம் போய்ச் சேர்கிறார். எதையும் நம்புவது ஒரு பள்ளம், எதையும் நம்ப மறுப்பது மற்றொரு பள்ளம். நாம் கற்பிக்க வேண்டியது சந்தேகத்தை மட்டும் அன்று. எதை, எவ்வளவு, எந்தக் காரணத்தால் நம்பலாம் என்று எடை போடும் முறையையும் கற்பிக்க வேண்டும்.

அந்த எடை போடுதல் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு நிகழ்வுகள்.

2018இல் குழந்தை கடத்தல் கும்பல் நடமாடுகிறது என்ற வதந்தி நாட்டின் பல மாநிலங்களில் பரவியது. அப்போது சுற்றிய ஒரு காணொளியில், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் தெருவில் விளையாடிய குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, அறிவிப்புப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டிய பகுதியோடு உண்மையும் போய்விட்டது. அதே வதந்திக் காலத்தில், 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்காகக் குடும்பத்தோடு வந்த ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது.

2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. அவற்றில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினருக்கு இடையே நடந்த மோதல், மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த மோதல் என்று தமிழ்நாடு காவல்துறைத் தலைவர் விளக்கம் அளித்தார். பீகார் அரசு ஒரு குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. காட்சிகள் உண்மையாக இருந்தன. அவற்றோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கதைதான் பொய். நம் பள்ளிகளிலும் புலம்பெயர் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் தேவை.

நம்பத்தக்க மூலத்தின் அடையாளங்கள்

‘இந்த நாளிதழ் நல்லது, அந்தத் தொலைக்காட்சி கெட்டது’ என்று பட்டியல் தருவது ஆசிரியரின் வேலை இல்லை. பட்டியல் விரைவில் பழையதாகிவிடும், விவாதமும் கட்சி அரசியலுக்குள் போய்விடும். மாணவர்கள் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய அடையாளங்களைத் தருவதே பயன்படும். அவை ஐந்து.

1. பொறுப்பேற்கும் பெயரும் முகவரியும். எந்த நாளிதழை எடுத்தாலும் ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்களும் அச்சிட்ட இடமும் இருக்கும். 1867ஆம் ஆண்டின் பத்திரிகைகள், நூல்கள் பதிவுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியது. ஆங்கிலேயர் காலத்து அந்தச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. அந்தச் சிறிய வரி இன்றும் அச்சாகிறது. தவறான செய்திக்கு வழக்குத் தொடுக்க வேண்டுமானால் யார் மீது தொடுப்பது என்பதை அந்த வரி சொல்கிறது. இணையத்தில் வரும் செய்திக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: இதை நடத்துபவர் யார்? முகவரி உண்டா?

2. செய்தி பிறந்த இடம். ஊர்ப் பெயர், நாள், எழுதிய நிருபர் அல்லது பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? சென்னையில் 1947இல் பதிவு செய்யப்பட்ட பி.டி.ஐ., பல நாளிதழ்களுக்குச் செய்தி தருகிறது. ஐந்து நாளிதழ்களில் ஒரே செய்தி வந்திருந்தாலும், ஐந்தும் ஒரே நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் அது ஒரே சாட்சிதான், ஐந்து சாட்சிகள் இல்லை. இந்த வேறுபாட்டை உயர்நிலை வகுப்பு மாணவர்கள் அறிய வேண்டும்.

3. சொன்னவர் யார் என்ற குறிப்பு. ‘கூறப்படுகிறது’, ‘தகவல்கள் தெரிவிக்கின்றன’ என்று முடியும் வாக்கியங்களில் சொன்னவர் மறைந்துவிடுகிறார். ‘மாவட்ட சுகாதார அலுவலர் கூறினார்’ என்றால் அவரிடமே கேட்டுச் சரிபார்க்க முடியும்.

4. செய்தியையும் கருத்தையும் பிரித்துக் காட்டுதல். தலையங்கம், கட்டுரை, வாசகர் கடிதம், விளம்பரம் ஆகியவை செய்தியிலிருந்து தனியே தெரிகின்றனவா?

5. பிழையைத் திருத்தும் வழக்கம். பிழையே செய்யாத ஊடகம் இல்லை. பிழை செய்தபோது ஒப்புக்கொள்கிறதா என்பதே கேள்வி. ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 2006இல் வாசகர்களின் புகார்களை விசாரிக்க ஒரு தனி ஆசிரியரை அமர்த்தியது. திருத்தங்களை அது நாள்தோறும் வெளியிடுகிறது. திருத்தம் வெளியிடும் இதழைப் பார்த்து ‘இவ்வளவு தவறு செய்கிறதே’ என்று மாணவர்கள் நினைப்பது இயல்பு. திருத்தமே வெளியிடாத இதழின் தவறுகள் எங்கே போயின என்று அவர்களைக் கேட்க வேண்டும்.

ஐந்தாவது அடையாளம் அறிவியலுக்கும் பொருந்தும். எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்பது போலத் தோன்றச் செய்த ஓர் ஆய்வுக் கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1998இல் வெளியிட்டது. 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. 12 ஆண்டுகள் என்பது மிக நீண்ட தாமதம். அந்தத் தாமதத்தால் பல நாடுகளில் தடுப்பூசி மீது அச்சம் வளர்ந்தது. இருந்தாலும் தவற்றைக் கண்டுபிடித்து, வெளிப்படையாகச் சொல்லி, நீக்கும் வழி அந்தத் துறைக்குள் இருந்தது. வாட்ஸ்அப் குரல் பதிவுக்கு அப்படி ஒரு வழியே கிடையாது.

பக்கத்தை விட்டு வெளியே வந்து பாருங்கள்

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் 45 பேர்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் 10, தகவல் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் 10, பல்கலைக்கழக மாணவர்கள் 25. அறிமுகமில்லாத இணையதளங்களைத் தந்து, எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள்.

வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் பெரும்பாலும் கொடுத்த பக்கத்திலேயே இருந்து அதை மேலிருந்து கீழாகப் படித்தார்கள். அழகான வடிவமைப்பு, சின்னம், அறிவியல் போன்ற நடை ஆகியவற்றில் பலர் ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பாளர்கள் சிறிது நேரத்திலேயே அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்தும் அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

நமக்கு இது புதிதாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் பெண் பார்க்கப் போனால் பெண் வீட்டாரிடம் மட்டுமா கேட்கிறோம்? அக்கம்பக்கத்திலும் விசாரிக்கிறோம். அதே விசாரணைதான் இது. வகுப்பறைக்கு இதை நான்கு படிகளாகச் சொல்லலாம்.

நில்: படித்தவுடன் கோபமோ அச்சமோ மிகுந்த மகிழ்ச்சியோ வந்தால், பகிராமல் நிறுத்து.
விசாரி: சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்?
ஒப்பிடு: ஒன்றையொன்று சாராத வேறு இரண்டு மூலங்கள் என்ன சொல்கின்றன?
மூலத்துக்குப் போ: படம் முதலில் எங்கே, எப்போது வந்தது? முழுப் பேச்சும் முழுக் காணொளியும் எங்கே? கூகுள் லென்ஸில் படத்தைத் தேடினால் பழைய படங்கள் பல எளிதில் பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் படங்களும் குரல்களும் பெருகிவிட்ட நிலையில், விரல்களை எண்ணியோ நிழலைப் பார்த்தோ பொய்யைக் கண்டுபிடிப்பது இனி நிச்சயமில்லை. கண்ணால் உற்றுப் பார்ப்பதை விட, மூலத்தை விசாரிப்பதே நிலைத்து நிற்கும் முறை.

எந்தக் கேள்விக்கு யாரிடம் போவது?

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. அகவிலைப்படி உயர்வு என்றோ இடமாறுதல் கலந்தாய்வு என்றோ ஒரு செய்தி ஆசிரியர் குழுவில் வந்தால், முதலில் பார்ப்பது அரசாணை எண், நாள், துறை. செயல்முறைக் கடிதம் என்றால் ந.க. எண்ணும் கையொப்பமும். அவை இல்லாத தாளை அலுவலகத்தில் யாரும் ஏற்பதில்லை. அதே கண்ணோடு எல்லாச் செய்தியையும் பார்க்க மாணவர்களைப் பழக்க வேண்டும்.

ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் ஒரு முதல் மூலம் உண்டு. மழைக்காகப் பள்ளி விடுமுறையா என்றால் மாவட்ட ஆட்சியரின் அறிவிப்பு. புயல் எச்சரிக்கை என்றால் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம். பொதுத்தேர்வு அட்டவணை என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம். தடுப்பூசி என்றால் ஆரம்ப சுகாதார நிலையம். பரவும் காணொளி உண்மையா என்றால் மாநில அரசின் தகவல் சரிபார்ப்பகம், மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஆகியவற்றின் சரிபார்ப்புப் பக்கங்களும், யூடர்ன், ஆல்ட் நியூஸ் போன்ற தனியார் சரிபார்ப்புத் தளங்களும் உள்ளன.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறிவிப்பு வந்ததா என்று அறிய அறிவித்தவரே சிறந்த மூலம். அறிவித்தபடி நடந்ததா என்று அறிய அவர் மட்டும் போதாது. சாலை போடப்படும் என்பதை அலுவலகம் சொல்லும். சாலை போடப்பட்டதா என்பதை நேரில் போய்ப் பார்த்த நிருபரும் அந்தத் தெருவில் வாழ்பவர்களும் சொல்ல வேண்டும். சுதந்திரமான பத்திரிகை ஏன் தேவை என்பதை எட்டாம் வகுப்பு மாணவருக்கு விளக்க இந்த ஒரு எடுத்துக்காட்டு போதும்.

தொடக்க வகுப்புகளில்

சிறு பிள்ளைகளுக்குப் போலிச் செய்தி என்ற சொல்லே தேவையில்லை. தமிழ் மொழியிலேயே இதற்கு ஓர் அருமையான கருவி இருக்கிறது.

‘மாமா ஊரிலிருந்து வந்தார்’ என்பதற்கும் ‘மாமா ஊரிலிருந்து வந்தாராம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளை அறியும். முதல் வாக்கியம் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது, பிறர் சொல்லக் கேட்டது. கேள்விப்பட்டதை ‘ஆம்’ போட்டுச் சொல்வது நம் பேச்சு வழக்கு. வதந்தி பரவும்போது நடப்பது இதுதான்: ஒருவர் ‘கடத்தினார்களாம்’ என்கிறார், அடுத்தவர் ‘கடத்தினார்கள்’ என்கிறார். ஓர் எழுத்து உதிர்ந்தவுடன் கேள்விப்பட்டது உண்மையாகிவிடுகிறது.

இதை வைத்து மூன்று செயல்பாடுகள்.

காதோடு காது: பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒரு வாக்கியத்தை முதல் பிள்ளையின் காதில் சொல்லுங்கள். கடைசிப் பிள்ளை அதை உரக்கச் சொல்லட்டும். சிரித்து முடித்ததும், எங்கே மாறியது என்று பின்னோக்கி ஒவ்வொருவராகக் கேளுங்கள். மூலத்தைத் தேடிப் போவது என்பது இதுதான்.

பார்த்தேன், கேட்டேன், நினைக்கிறேன்: ஒவ்வொரு பிள்ளையும் நேற்று நடந்த ஒன்றைப் பற்றி மூன்று வாக்கியங்கள் சொல்ல வேண்டும். ‘எங்கள் தெருவில் நாய் குட்டி போட்டிருக்கிறது, பார்த்தேன். ஐந்து குட்டிகளாம், பாட்டி சொன்னார். நாய்க்குப் பசிக்கும் என்று நினைக்கிறேன்.’

ஒரு படம், இரண்டு கதை: கூட்டமாக ஓடும் பிள்ளைகளின் படம் ஒன்றைக் காட்டி, ‘ஓட்டப் பந்தயம்’ என்று ஒரு குழுவுக்கும், ‘மழைக்குப் பயந்து ஓட்டம்’ என்று மற்றொரு குழுவுக்கும் தலைப்புக் கொடுங்கள். படத்தில் என்ன தெரிகிறது என்று இரு குழுக்களும் சொல்லட்டும். படம் பொய் சொல்லாமலேயே தலைப்பு பொய் சொல்ல முடியும் என்பதைப் பிள்ளைகளே கண்டுகொள்வார்கள்.

6 முதல் 10 வரை: நான்கு பாடவேளைகள்

முதல் பாடவேளை: பிரித்தறிதல். ஐவர் கொண்ட குழுவுக்கு ஒரு பழைய நாளிதழ். செய்தியைப் பச்சை, கருத்தை நீலம், விளம்பரத்தைச் சிவப்பு வண்ணத்தால் குறிக்கட்டும். செய்தி போலவே அச்சிடப்பட்டு, மூலையில் சிறிதாக ‘விளம்பரம்’ என்று குறிக்கப்பட்டவற்றைத் தேடச் சொல்லுங்கள். பிறகு ஒரு செய்தியை எடுத்து, சரிபார்க்கக்கூடிய வாக்கியங்களை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ‘நேற்று 7 சென்டிமீட்டர் மழை பெய்தது’ என்பதைச் சரிபார்க்கலாம். ‘மக்கள் கடும் அவதி’ என்பதற்கு எத்தனை பேர், எங்கே, யார் சொன்னது என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் பாடவேளை: பொறுப்பைத் தேடுதல். மேலே சொன்ன ஐந்து அடையாளங்களையும் அந்த நாளிதழில் தேடுதல். அச்சிட்டவர் பெயர் உள்ள வரியைக் கண்டுபிடிக்கும் குழுவுக்குக் கைதட்டல். ஒரே நாளின் வெவ்வேறு நாளிதழ்கள் கிடைத்தால், ஒரே நிகழ்வின் தலைப்புகளை எழுதி ஒப்பிடலாம். எது பெரிதாக வந்தது, எது விடுபட்டது, எது செய்தி நிறுவனத்திடம் பெற்றது?

மூன்றாம் பாடவேளை: பக்கவாட்டு வாசிப்பு. உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், ஆசிரியர் முன்பே தேர்ந்தெடுத்த ஓர் இணையதளத்தைத் தந்து, அதை நடத்துபவர் யார் என்று அந்தத் தளத்துக்கு வெளியே சென்று தேடச் சொல்லுங்கள். இணைய வசதி இல்லையெனில் அட்டைகள் போதும். ஓர் அட்டையில் பரவிய செய்தி, மற்ற நான்கில் அதைப் பற்றி வெவ்வேறு மூலங்கள் சொன்னவை. எந்த அட்டைக்கு எவ்வளவு எடை தருவீர்கள், ஏன் என்பதே வினா.

நான்காம் பாடவேளை: சரிபார்ப்புக் குறிப்பு எழுதுதல். ஒவ்வொரு குழுவும் ஒரு செய்தியைச் சரிபார்த்து ஐந்து வரிகளில் எழுத வேண்டும். ஒரு மாதிரி:

செய்தி: கனமழையால் நாளை அனைத்துப் பள்ளிகளுக்கும் விடுமுறை.
எப்படி வந்தது: பலமுறை பகிரப்பட்ட படமாக, குடும்பக் குழுவில்.
முதல் மூலம்: மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு.
பார்த்தது: ஆட்சியர் அலுவலகத்தின் பக்கத்தில் இன்று மாலை 6 மணி வரை அறிவிப்பு இல்லை. படத்தில் உள்ள தேதி சென்ற ஆண்டினுடையது.
முடிவு: இது பழைய அறிவிப்பு. நாளை விடுமுறையா என்பது இன்னும் தெரியவில்லை.

கடைசி வரியைக் கவனியுங்கள். படம் பொய் என்பதால் விடுமுறை இல்லை என்று ஆகிவிடாது. இரவில் உண்மையான அறிவிப்பு வரலாம். ‘உறுதியானது’, ‘தவறானது’ என்ற இரண்டோடு ‘இன்னும் தெரியவில்லை’ என்ற மூன்றாவது முடிவையும் மாணவர்கள் துணிந்து எழுத வேண்டும். தேர்வில் விடை தெரியாது என்று எழுதினால் மதிப்பெண் இல்லை என்பதால், தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுத அவர்கள் பழகியிருக்கிறார்கள். இந்தப் பாடத்திலாவது, காரணத்தோடு எழுதப்பட்ட ‘இன்னும் தெரியவில்லை’ என்பதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மதிப்பீடு முடிவுக்கு இல்லை, முடிவுக்கு வந்த வழிக்கே.

சில நடைமுறைச் சிக்கல்கள்

வீட்டில் பொய்ச் செய்தியைப் பகிர்ந்தவர் தாத்தாவாகவோ சித்தப்பாவாகவோ இருக்கலாம். ‘உங்கள் தாத்தா பொய்யர்’ என்ற எண்ணத்தோடு பிள்ளை வீடு திரும்பக் கூடாது. பெரும்பாலோர் குடும்பத்தின் மீதுள்ள அக்கறையால்தான் பகிர்கிறார்கள். ‘தாத்தா, இது பொய்’ என்பதற்குப் பதில், ‘தாத்தா, இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்? வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்’ என்று கேட்கப் பழக்கலாம். வகுப்பில் நடிப்பாகவும் செய்து பார்க்கலாம். பெரியவர்களின் மரியாதையும் காக்கப்படும், உண்மையும் தேடப்படும்.

கட்சி, சாதி, மதம் தொடர்பான நடப்புச் செய்திகளை முதல் எடுத்துக்காட்டாக எடுக்க வேண்டாம். விசாரணை முடிந்து உண்மை வெளிவந்துவிட்ட பழைய நிகழ்வுகளும், விடுமுறை, வானிலை, உணவு, உடல்நலம் சார்ந்த செய்திகளும் தொடக்கத்துக்கு ஏற்றவை. முறை கைவந்த பிறகு மாணவர்கள் அதை எல்லாவற்றிலும் பயன்படுத்துவார்கள்.

பொய்ச் செய்தியைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினால், பிள்ளைகளுக்கு அதுவே நினைவில் நின்றுவிடும். உண்மையை முதலில் எழுதி, பொய்யை ஒருமுறை மட்டும் சொல்லி, மீண்டும் உண்மையோடு முடிக்க வேண்டும்.

இதற்கெனத் தனிப் பாடவேளை கிடைக்கவில்லை என்றால் பாடங்களோடு இணைக்கலாம். தமிழில் நேர்கூற்று, அயற்கூற்று. கணக்கில், அச்சு பூச்சியத்தில் தொடங்காததால் சிறிய வேறுபாட்டைப் பெரிதாகக் காட்டும் வரைபடங்கள். அறிவியலில், ஓர் ஆய்வு முடிவு எத்தனை முறை சரிபார்க்கப்பட்டது என்ற வினா. சமூக அறிவியலில் வரலாற்றுச் சான்றுகளை ஒப்பிடுதல்.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 2018இல், மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் 40 நிமிட வகுப்புகளாக இது கற்பிக்கப்பட்டது. அங்கும் முயற்சிக்குத் தூண்டுகோலாக இருந்தது தடுப்பூசி பற்றிய வாட்ஸ்அப் வதந்திதான்.

நாளைக் காலையே தொடங்கலாம்

நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் செய்தி வாசிக்கிறார். அதில் ஒரு சிறு மாற்றம் செய்தால் போதும். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அது வந்த இதழின் பெயரையும் நாளையும், சொன்னவர் யார் என்பதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். முன்பு வாசித்த செய்தி ஏதேனும் தவறு என்று தெரியவந்தால், மறுநாள் அதே மேடையில் ‘நேற்றைய திருத்தம்’ என்று வாசிக்கட்டும். செலவு இல்லை, கூடுதல் நேரமும் இல்லை. சில மாதங்களில் வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மூலம் சொல்லப்படாத செய்தியைக் கேட்டால் ‘யார் சொன்னது?’ என்று தாங்களே கேட்கத் தொடங்குவார்கள்.

அடுத்த தடுப்பூசி முகாமோ புயலோ வரும்போது, ஊரில் முதலில் பரவுவது வதந்தியாகவே இருக்கலாம். அந்த வீடுகளில் ஒவ்வொன்றிலும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை இருக்க வேண்டும். பாடநூலின் ஓர் அலகை முடிப்பதற்கு நாம் செலவிடும் நேரத்தை விடக் குறைவான நேரத்தில் இதைச் செய்துவிட முடியும்.